சுவருக்கு முன்னால் ஒரு சிரிப்பு

"பாரே, உங்க ஆத்தங்கரைச் சுவர் ஏன்டா இப்படி அழுது வடியுது?" காரின் கண்ணாடியை இறக்கிவிட்டுக் கேட்டார் எஞ்சினியர் ருஃபினோ.

டென்சியோ சைக்கிள் ரிக்‌ஷாவை ஓரங்கட்டி ஒரு காலைத் தரையில் ஊன்றினார். "அது உங்கப்பன் காலத்துச் சுவர். அழாம சிரிக்கவா செய்யும்?"

"திருவிழா வருதுல்ல. பெயின்ட் நான் அனுப்புறேன், ஆளு நீ சேரு. தெருவே இறங்கினா ஒரே நாள் வேலை."

"நூடுல்ஸ்?"

"அதுவும் அனுப்புறேன், தின்னிப்பயலே."

"அப்ப நம்ம கொடியில இருக்கிற சூரியனையும் மூணு நட்சத்திரத்தையும் பெரிசா வரைஞ்சிடுறோம்."

"அதெல்லாம் வேணாம். முழுக்கச் சாம்பல் நிறம். புதுச் சிமென்ட் மாதிரி இருக்கணும்."

"நடக்கப்போறது திருவிழாவா, சாம்பல் புதனா?"

ருஃபினோ ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "சரி, ஒரு ஓரமா கொடி வரைஞ்சுக்கோ, போ."

பள்ளிக்கூடம் போவதற்காக ரிக்‌ஷாவின் பக்கவாட்டுப் பெட்டி இருக்கையில் உட்கார்ந்திருந்த லூவி டீச்சரும் அன்று சிரித்தாள். அதிகம் பேசாத அவளை நாளுக்கு ஒரு தடவையாவது சிரிக்க வைப்பது டென்சியோவுக்கு வழக்கமாகிப் போயிருந்தது.

ருஃபினோவும் டென்சியோவும் ஒரே தெருவில் பிறந்தவர்கள். டென்சியோவின் மகள் ஜோவிதாவுக்கு ஞானஸ்நானத்தின்போது ஞானத்தகப்பனாக நின்றவர் ருஃபினோ. அன்றிலிருந்து இருவரும் ஒருவரையொருவர் 'பாரே' என்றே கூப்பிட்டுக்கொண்டார்கள். உடன்பிறந்தவனிடம் முகம் திருப்பலாம், பாரேயிடம் கூடாது. ருஃபினோ பின்னாளில் கரையும் சுவரும் கட்டும் பெரிய ஒப்பந்தக்காரராகி, காவலாளி நிற்கும் குடியிருப்புக்குப் போய்விட்டார். ஆனாலும் டென்சியோவைக் கண்டால் காரை நிறுத்தாமல் போனதில்லை.

டென்சியோவின் வண்டியில் கைப்பிடியில் ஒரு கொடி, கூரையில் ஒரு ரேடியோ. காலைச் செய்திக்கு உரை சொல்லிக்கொண்டே மிதிப்பார். எங்கோ ஒரு நாட்டில் பிலிப்பினோப் பெண் அழகிக் கிரீடம் சூடினால் அன்று பெண்களிடம் காசு வாங்கமாட்டார். நம் குத்துச்சண்டைக்காரன் தோற்றால் நடுவர் குருடன். "நம்ம ஆளுங்க இல்லேன்னா உலகத்துக் கப்பலெல்லாம் நடுக்கடல்ல நின்னுடும், டீச்சர். ஆஸ்பத்திரியில ஊசி போட ஆள் இருக்காது." யாரோ பொதுப்பணத்தைச் சுருட்டினான் என்று செய்தி வந்தால் மட்டும் ஒலியைக் குறைத்துவிடுவார். "அது மணிலா சமாச்சாரம். நமக்கெதுக்கு?"

பெயின்ட் அடிக்க அவர் கூப்பிட்டதும் தெருவே வந்தது. தூரிகை இல்லாதவர்கள் துடைப்பத்தால் அடித்தார்கள். மதியத்துக்கு நூடுல்ஸ் தட்டுகள் வந்தன, கூடவே ருஃபினோவின் ஆள் ஒருவன் கேமராவோடு வந்தான். விரிசல்கள் எல்லாம் மறைந்து புத்தம் புதிதாக நின்ற சுவரின் முன்னால் கையில் தூரிகையுடன் பல் முழுக்கத் தெரியச் சிரித்தார் டென்சியோ. அடுத்த வாரம் அந்தச் சிரிப்பு தெருமுனையில் பெரிய பேனராகத் தொங்கியது. கயிறு கட்டியதும் அவர்தான். ஏறுகிற பயணிக்கெல்லாம் அதைக் காட்டி, "யார் தெரியுதா?" என்பார்.

ஆகஸ்ட் மழையில் சுவர் இடிந்தது. ஆற்றுத் தண்ணீர் வீட்டுக்குள் வந்து படுத்துக்கொண்டது. இடுப்பளவு தண்ணீரில் கிழவிகளை ரிக்‌ஷாவில் ஏற்றித் தள்ளிக்கொண்டு போன டென்சியோ, மாடிகளிலிருந்து நீண்ட போன்களைப் பார்த்துக் கையசைத்தார். "எடுத்துக்கோ! நாங்க பிலிப்பினோ, எங்களுக்கு இது நீச்சல்குளம்!" மிதந்து போனவற்றில் அவருடைய குளிர்சாதனப் பெட்டியும் இருந்தது.

தண்ணீர் வடிந்த பிறகு ஒரு மாலை, பாசிங் அக்காவின் பெட்டிக்கடை டிவியில் விசாரணைச் செய்தி ஓடியது. கட்டாத சுவர்களைக் கட்டியதாகச் சொல்லி அரசுப் பணத்தை வாங்கியிருக்கிறார்கள் என்றது செய்தி. அப்புறம் திரை முழுக்க டென்சியோவின் சிரிப்பு. பின்னால் சாம்பல் நிறச் சுவர். கட்டி முடித்த புதிய சுவர் என்று ஒப்பந்தக்காரர் காட்டிய படமாம் அது.

லூவி சோப்பு வாங்க நின்றிருந்தாள். டென்சியோவும் அங்கேதான் நின்றிருந்தார். பாசிங் அக்காதான் கேட்டாள்: "உனக்கு எவ்வளவு குடுத்தான்?"

"நூடுல்ஸ்," என்றார் டென்சியோ. "நீயும்தான் தின்னே."

எப்போதும் வெடித்துச் சிரிக்கும் அந்தக் கடை வாசலில் அன்று ஒரு பல் தெரியவில்லை.

மறுநாள் முதல் அவர் வண்டியில் ஆள் ஏறவில்லை. லூவி மட்டும் ஏறினாள். ரேடியோ பாடவில்லை. ஒருநாள் பள்ளி விட்டுத் திரும்பும்போது அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வண்டியை ருஃபினோவின் குடியிருப்புப் பக்கம் திருப்பினார். காவலாளி உள்ளே விடவில்லை. ருஃபினோவுக்குப் போனைப் போட்டு, ஒலிபெருக்கியைத் தட்டி நீட்டினான்.

"பாரே, தெருவுல யாரும் முகம் குடுத்துப் பேசமாட்டேங்கிறாங்க. ஒரே ஒரு தடவை வா. டென்சியோவுக்கு இது தெரியாதுன்னு நீயே உன் வாயால சொல்லிட்டுப் போ. போதும்."

"போட்டோதானே, பாரே? நல்லாத்தானே விழுந்திருக்கே." ருஃபினோவின் குரலில் அதே பழைய சிரிப்பு. "கொஞ்ச நாள் வாயை மூடிட்டு இரு. ஜோவிதா கல்யாண விருந்து என் பொறுப்பு."

"நான் விருந்து கேக்கல."

"வேற என்னதான் வேணும்? சுவருக்குப் பெயின்ட் அடிச்சது யாரு? நானா? நீங்கதானே?"

போன் அணைந்துவிட்டது. இந்த அவமானத்தைப் பார்க்க தான் இங்கே இல்லாதிருக்கலாமே என்று லூவிக்கு இருந்தது. அவள் தன் கைப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எஞ்சினியர் சார்கிட்ட ரிக்‌ஷாக்காரன் போயிட்டான்னு சொல்லிடு, தம்பி," என்றார் அவர் காவலாளியிடம். பாரே என்ற சொல்லை அதற்குப் பிறகு அவர் வாயில் லூவி கேட்டதில்லை.

அந்த வாரமே டிவிக்காரர்கள் இடிந்த சுவரைப் படம்பிடிக்க வந்தார்கள். பேசுவதற்கு ஆள் தேடியபோது தெருவே கதவைச் சாத்திக்கொண்டது. டென்சியோ போனார். ஒட்டச் சவரம் செய்து, ஞாயிறு பூசைக்குப் போடும் சட்டையைப் போட்டிருந்தார். பெயின்ட் அடித்தது நான்தான், தெருவை இறக்கியதும் நான்தான், அடிக்கச் சொன்னவர் இன்னார் என்று பெயரோடு சொல்லப்போவதாக லூவியிடம் சொன்னார். கதவிடுக்குகளில் கண்கள் தெரிந்தன. கேமராவை முக்காலித் தாங்கியில் பொருத்திக்கொண்டிருந்தார்கள்.

அவர் அவளை ஓரமாகக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"டீச்சர், கேமராவைக் கண்டா என் வாய் தானா விரிஞ்சிடும். பொறந்ததுலேர்ந்து பழக்கம். நீங்க அவங்களுக்குப் பின்னாடி, என் கண்ணுக்குப் படுற மாதிரி நில்லுங்க. நான் சிரிச்சா, உடனே கையைத் தூக்கிடுங்க."