கத்திக்குப் பூஜை, ஓவனுக்கு லீவு

ஆயுத பூஜையன்று காலை எங்கள் மொட்டை மாடியில் ஒரே புகை. கீழ் வீட்டு அக்கா தெருவில் நின்று அலறினார். "இன்னாம்மா, வூடு பத்திக்கினு எரியுதா?"

இல்லை. என் வீட்டுக்காரர் கத்தி செய்துகொண்டிருந்தார்.

செம்பாக்கத்தில் கத்தி கிடைக்காதா என்கிறீர்களா? பேஷாகக் கிடைக்கும். ஆனால் இவர் பார்த்த வீடியோக்களின்படி கடைக் கத்தியெல்லாம் வெறும் தகரம்! காயலான் கடையில் லாரி ஸ்பிரிங் பட்டை ஒன்றைப் பிடித்தார். ஒரு மாதம் தேய் தேயென்று தேய்த்தார். பழைய பெயின்ட் டின், உள்ளே களிமண் பூச்சு, அடுப்புக்கரி, காற்றுக்கு என் ஹேர் டிரையர்… உலை ரெடி. எங்கே? என் துணிக்கொடி இருந்த இடத்தில்.

"இந்தக் கத்தி ஒரு பூசணிக்காயை வெட்டட்டும், மாடி உங்களுக்கே. இல்லேன்னா உலை காயலான் கடைக்கு" என்றேன்.

"டீல்!" என்றார்.

சும்மா சொல்லக்கூடாது, உலையடியில் வேலை சுத்தம். பட்டை சிவக்கச் சிவக்கக் காந்தத்தை வைத்துப் பார்த்தார். காந்தம் ஒட்டாத பதம் வந்ததும் சட்டென்று எண்ணெயில் முக்கினார் — நான் வடை சுட வைத்திருந்த கடலெண்ணெய். அப்புறம் எனக்கு லெக்சர்.

"இப்ப இது கண்ணாடி மாதிரி. கடினமா இருக்கும், ஆனா படக்குன்னு உடைஞ்சுடும். உடனே ஓவன்ல ரெண்டு மணி நேரம் மிதமா சூடு பண்ணணும். இதான் சயின்ஸ்!"

கீழே வந்தால், ஓவன் நெற்றியில் சந்தனம், குங்குமம். வைத்தது யார்? சாட்சாத் சயின்டிஸ்ட்டேதான். மிக்ஸி, லேப்டாப், ஸ்கூட்டரோடு சேர்த்து விடியற்காலையிலேயே பொட்டு வைத்துவிட்டார்.

"பூஜை போட்டதை இன்னிக்குத் தொடக்கூடாது" என்றவர், கத்திக்கும் ஒரு பொட்டு வைத்து சாமி முன்னால் சாத்தினார்.

மறுநாள் விஜயதசமி. படப்பையிலிருந்து என் தம்பி சாப்பிட வந்திருந்தான். "ஏங்க, ஓவன் இப்ப ஃப்ரீதான்" என்று ஞாபகப்படுத்தினேன்.

"ராத்திரி பூரா சாமிகிட்ட இருந்திருக்கு. இனிமே ஓவன் எதுக்கு?"

"மாமா, சாமி எத்தனை டிகிரி?" என்றான் தம்பி.

அவனை ஒரு முறை முறைத்துவிட்டு, சாம்பாருக்கு வாங்கிய மஞ்சள் பூசணி மேல் ஓங்கி ஒரு போடு போட்டார். டிங்! பாதிக் கத்தி கையில், பாதி பூசணியில். யார் கண்ணிலாவது பாய்ந்திருந்தால்? எனக்கு ஒரு நிமிஷம் உயிரே போய்விட்டது. சிரிப்பு அப்புறம்தான் வந்தது.

நம் லட்சணமே இதுதான். ஆர்வம் இருக்கும்வரை எல்லாம் சயின்ஸ்படி நடக்கும். பொறுமை வேண்டிய கடைசி வேலையை மட்டும் சாமி தலையில் கட்டிவிடுவோம். சொதப்பினால் பழி போட பக்கத்திலேயே ஆள் இருப்பார்கள் — "கீழ் வீட்டு அக்கா கண்ணு பட்டுடுச்சு" என்கிறார் மனிதர், வெட்கமே இல்லாமல்!

அன்று மாலையே உலை காயலான் கடைக்குப் போனது. மாடியில் என் புடவைகள் ஜம்மென்று காய்கின்றன.

பண்டிகைக்கு ஊரெல்லாம் பூசணிக்காயை உடைத்தார்கள். எங்கள் வீட்டில்தான் பூசணிக்காய் கத்தியை உடைத்தது.