ஆளில்லாத அறையிலை ஓடுற கொம்பியூட்டர்

அறைக்குள்ளை இருக்கிற கொம்பியூட்டரிலை கிடக்கிற படத்தை, வயர் ஒண்டும் இல்லாமல் ஹோலிலை இருக்கிற கேம் பெட்டிக்கு அனுப்பி ரீவியிலை ஓடவிடுறது என்ரை தொழில். ஓடுற வரைக்கும் என்ரை நினைப்பு ஆருக்கும் வராது, நிண்டால் மட்டும் போன் வரும். கடை நல்லூரிலை. பிள்ளையள் ரீவியிலை கொழுவி விளையாடிப்போட்டு, வெளிநாடு போகேக்கை விட்டிட்டுப் போன கேம் பெட்டி இஞ்சை வீட்டுக்கு வீடு தூசி பிடிச்சுக் கிடக்கு, என்ரை பிழைப்பு அதாலைதான். வீடு வீடாய்ப் போய் ரிப்பேர் பாக்கிற சகபாடியளே, என்ரை கரைச்சல் உங்களுக்கு விளங்கும்.

சண்டிலிப்பாய்ச் சிக்கனம்

சண்டிலிப்பாயிலை ஒரு புகையிலைத் தோட்டக்காரர் வீடு. மூண்டு நாளிலை மூண்டு தரம் போன், படம் பாதியிலை நிண்டிட்டுதாம். கொதிக்கிற வெயிலுக்குள்ளை போய்ப் பாத்தால் பெட்டியும் நல்லாயிருக்கும், றவுட்டரும் நல்லாயிருக்கும். மூண்டாம் நாள் எனக்கு விசர் வந்து, அவையோடை இருந்து நானும் படம் பாத்தன். கால் மணித்தியாலத்திலை வீட்டுக்கார அம்மா எழும்பி அறைக்குள்ளை போனா. படம் நிண்டுது. ஓடிப்போய்ப் பாத்தால், கொம்பியூட்டரை நிப்பாட்டி, பிளக்கைக் கழட்டி, மேலை துவாயாலை மூடிக்கொண்டு நிக்கிறா.

"ஐயோ அம்மா, படம் அதுக்குள்ளையிருந்துதானே வருது!" எண்டன். அவ என்னை ஏற இறங்கப் பாத்தா.

"ஆளில்லாத அறையிலை அது ஆருக்குத் தம்பி ஓடுது?"

குருநகர்க் கடல்

அதுக்குப் பிறகு போற வீடெல்லாம் கொம்பியூட்டரிலை 'நிப்பாட்டவேண்டாம்' எண்டு கடதாசி ஒட்டினன். குருநகர் றீற்றா அக்கா வீட்டிலையும் ஒட்டினன். அவவின்ரை மனுசன் அந்தோனி அண்ணை முப்பது வருசம் பாய் கட்டின வள்ளத்திலை மீன்பிடிக்கப் போனவர். பாரிசவாதம் வந்து எட்டு மாசம். கை கால் கொஞ்சம் திரும்பீட்டுது, பேச்சுத்தான் வரேல்லை. பழகின விசயங்களைக் காட்டிப் பாக்கச்சொல்லி டொக்டர் சொன்னவராம். மகன் பிரான்சுக்குப் போகமுதல் தேப்பன்ரை வள்ளத்திலை இருந்து எடுத்த வீடியோ கொம்பியூட்டரிலை கிடந்தது. அதைப் பெரிசாய்க் காட்டினால் மனுசன் வாய் திறப்பார் எண்டு அக்காவுக்கு ஒரு நம்பிக்கை.

ஓடவிட்டன். ஹோல் முழுக்கக் கடல். நீல வெளிச்சம் சுவரிலை அசைஞ்சு அசைஞ்சு ஏறிச்சுது. யன்னல் சீலை ஆடினது வெளியிலை அடிச்ச காத்துக்கோ, படத்திலை பாய் பிடிச்ச காத்துக்கோ தெரியேல்லை. நான் இருந்த கதிரையும் மெல்ல ஆடுறமாதிரிக் கிடந்தது. அண்ணை கண் வெட்டாமல் பாத்தார், ஒரு சத்தமும் இல்லை. வேலை முடிஞ்சும் எனக்குப் போக மனமில்லை. றவுட்டரைப் பாக்கிற சாட்டிலை நாலு பின்னேரம் போய் அந்தக் கடலுக்குள்ளை இருந்திட்டு வந்தன். நாலாம் நாள் அக்கா கண்ணைத் துடைச்சா.

"மனுசன் கடலுக்குப் போயிட்டுது தம்பி, என்னட்டைத்தான் திரும்பி வரேல்லை."

மணி அடிச்ச நேரம்

ஐஞ்சாம் நாள் நான் பிந்திப் போனன். படம் ஓடேக்கை ஆறு மணிக்குக் கோயில் மணி அடிச்சுது. அந்த மணி கேட்டால் அக்கா வீட்டிலை எல்லாத்தையும் நிப்பாட்டிப்போட்டுச் செபம் சொல்லவேணும். ரிமோட்டைத் தேடினா, காணேல்லை. நேரை அறைக்குள்ளை போய், என்ரை கடதாசியைப் பாராமல் கொம்பியூட்டரை நிப்பாட்டினா. கடல் அப்பிடியே நிண்டுது. எழும்பின அலை எழும்பினபடி, பாய் அசையாமல். எனக்குப் பத்திக்கொண்டு வந்துது, "அக்கா!" எண்டு கத்த வாயெடுத்தன்.

அதுக்குள்ளை அண்ணையின்ரை கதிரையிலையிருந்து ஒரு குரல், கரகரத்து, பாவிக்காமல் கிடந்த குரல். செபமாலையோடை வந்த அக்கா வாசலிலையே நிண்டிட்டா. அண்ணை ரீவியைப் பாத்தார், பிறகு அவவைப் பாத்தார்.

"காத்து விழுந்திட்டுது றீற்றா, துடுப்பை எடு."

அந்த வீட்டுக் கடதாசியை நானே கிழிச்சுப்போட்டு வந்தன்: எங்கடை தொழிலிலை வழமைதானே பாருங்கோ, ஓடேக்கை ஒருத்தரும் வாய் திறக்கமாட்டினம், நிண்டால்தான் கதைப்பினம்.