பதினேழாம் எண் வாத்து

பலராமன் விலங்கியல் படித்துவிட்டு, கிருஷ்ணகிரி அணையின் மணற்கரையில் வாத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு அரசாங்கம் சம்பளம் கொடுத்தது. ஒரு வருடத்துக்கு முந்தைய மார்கழியில், வடக்கிலிருந்து வந்த நாற்பது வாத்துகளின் காலில் எண் போட்ட அலுமினிய வளையம் மாட்டிவிட்டிருந்தார். அவற்றில் ஒன்றாவது இந்தத் தை முடிவதற்குள் திரும்பி வந்தாக வேண்டும். இல்லாவிட்டால் வேலை கிடையாது என்று மேலிடம் எழுதியிருந்தது.

தை கடைசி நாளும் வந்தது. வளையம் வரவில்லை. விடியலிலிருந்து பனியில் பைனாக்குலரோடு நின்றவரை, கரையோரம் நிலம் வைத்திருந்த திம்மராயக் கவுண்டர் இரக்கப்பட்டு மதியம் சாப்பிடக் கூட்டிப்போனார். களியும் கறிக்குழம்பும்.

பாதிச் சாப்பாட்டில் ஒரு சண்டைச்சேவல் முற்றத்தைக் கடந்தது. அதன் காலில் வளையம். எண் 17.

“கவுண்டரே, இது எங்க கெடச்சுது?”

“நேத்து ஒரு வாத்து சுட்டன் சார். அது கால்ல இருந்துச்சு. நம்ம சேவலுக்கு எடுப்பா இருக்குதில்ல?”

“வாத்து எங்க?”

“நல்லா கேட்டீங்க போங்க! ரெண்டு தரம் வாங்கித் தின்னீங்களே!”

பலராமன் தட்டைப் பார்த்தார். பிறகு இடது கையால் குறிப்பேட்டை எடுத்துக் கோணல்மாணலாக எழுதினார்: ‘எண் 17, திரும்பி வந்தது.’ உடல்நிலை என்ற கட்டத்தில் சற்று யோசித்து, ‘நல்ல சதைப்பிடிப்பு’ என்று போட்டார்.

“ஏஞ்சார், எதாச்சும் தப்பாயிடுச்சா?”

“ஒண்ணுமில்ல. அடுத்த வருசமும் இங்கதான் இருப்பேன்.”

“அப்ப இன்னும் ரெண்டு துண்டு போடச் சொல்லட்டா?”

பலராமன் தட்டை முன்னால் நகர்த்தினார். வளையம் போட்டவை இன்னும் முப்பத்தொன்பது இருந்தன.