மாமாவின் வலது கை

என் மாமனாருக்கு நோய் என்று நான் பார்த்ததில்லை. எழுபத்தெட்டு வயதிலும் பாளையங்கோட்டையிலிருந்து தனியாக ரயிலேறி, தெலுங்கு பேசும் ஊரான கொண்டாப்பூரில் எங்கள் வீட்டுக்கு ஒரு மாதம் தங்க வந்திருந்தார். அந்த வியாழக்கிழமை காலை தோசை தின்றுகொண்டிருந்தவர் தட்டின் மேலேயே சாய்ந்தார். இடது கையும் காலும் விழுந்துவிட்டன. என் கணவர் வேலையாக ஜெர்மனி போயிருந்தார். பக்கத்து ஃப்ளாட்காரர்கள் தூக்கி காரில் ஏற்ற, நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

மூளையில் ரத்தக்குழாய் அடைப்பு. ஐசியூவில் போட்டார்கள். ஒருவருக்குத்தான் பாஸ், காலையில் பத்து நிமிஷம், மாலையில் பத்து நிமிஷம் பார்க்கலாம். மற்ற நேரமெல்லாம் ஜன்னல் இல்லாத ஹாலில் உட்கார்ந்திருக்க வேண்டும். டீ குடிக்கப் போனால்கூட எப்போது கூப்பிடுவார்களோ என்று பாதியில் திரும்பிவிடுவேன். பன்னிரண்டு வயது மகள் எதிர்வீட்டில் இருந்தாள். கணவர் மணிக்கொரு தரம் போன் செய்து என்னைக் கேள்வி கேட்டார். 

மறுநாள் காலை நர்ஸ் ஒரு தாளோடு வந்தாள். தெலுங்குப் பெண், சென்னையில் கொஞ்ச நாள் வேலை பார்த்தவள் என்பதால் தமிழ் ஓரளவு தெரியும். வெளியே போக வேண்டும், வெளியே போக வேண்டும் என்று தாத்தா கட்டிலைவிட்டு இறங்கப் பார்க்கிறார், விழுந்தால் ஆபத்து, கையைக் கட்ட வீட்டாரின் சம்மதம் வேண்டும் என்றாள். வலது கையைக் கட்டினால் போதும், இடது கைதான் அசையவில்லையே என்றும் சொன்னாள். கணவரைக் கூப்பிட்டேன். அவர் எடுக்கவில்லை. கையெழுத்துப் போட்டேன்.

உள்ளே போனபோது துணிப்பட்டையால் அவர் மணிக்கட்டைக் கட்டில் கம்பியோடு கட்டியிருந்தார்கள்.

"எம்மா, அவுத்துவிடும்மா," என்றார், குழறலாக.

ஏன் மாமா, எங்கே போகணும் என்று கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். டாக்டர் சொன்னால்தான் அவிழ்ப்பார்கள் என்று ஏதோ சமாதானம் சொல்லிவிட்டு வந்தேன். அந்தப் பகல் முழுக்க என் கையையே யாரோ கட்டிப்போட்டது போலிருந்தது. எழுந்து வீட்டுக்குப் போகவும் முடியாது, உள்ளே போய் அவர் பக்கத்தில் இருக்கவும் முடியாது.

சாயங்காலம் கணவரைப் போனில் பிடித்து மாமா காதருகில் வைத்தேன். மகன் குரலைக் கேட்டதும் அழுதுவிட்டார்.

"வெளிக்குப் போணும்னு நேத்திலேருந்து சொல்லுதேன்லே. ஒருத்திக்கும் புரியல. மருமவகிட்ட எப்படிலே சொல்ல?"

 நர்ஸிடம் ஓடிப்போய், தாத்தா தப்பிக்கப் பார்க்கவில்லை, எங்கள் ஊரில் மலம் கழிப்பதற்குத்தான் அப்படிச் சொல்வார்கள் என்றேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. உடனே ஆயாவைக் கூப்பிட்டு, திரையை இழுத்துவிட்டு, தானே பட்டையை அவிழ்த்தாள். அதன்பிறகு கட்டவேயில்லை. அன்றிரவு எதிர்வீட்டாரோடு ஆஸ்பத்திரிக்கு வந்த, பள்ளியில் தெலுங்கு படிக்கும் என் மகள் ஒரு தாளில் 'வெளிக்கு', 'ஒண்ணுக்கு', 'தண்ணி' என்று தெலுங்கு எழுத்தில் எழுதி, எதிரே அர்த்தமும் எழுதித் தந்தாள். நர்ஸ் அதைக் கட்டில் தலைமாட்டில் ஒட்டிவைத்தாள்.

கணவர் மூன்றாம் நாள் வந்துசேர்ந்தார். ஒன்பதாம் நாள் மாமாவை வீட்டுக்கு அழைத்துவந்தோம். பேச்சு தெளிந்தது, இடது கால் மட்டும் இழுத்தது.

கட்டச் சொல்லிக் கையெழுத்துப் போட்டது நான் என்பதை மறைத்துக்கொண்டு அவருக்குச் சோறு போட என்னால் முடியவில்லை. ஒரு மத்தியானம் சொல்லிவிட்டேன். 

"உன்கிட்டச் சொல்ல எனக்கு வாய் வரலம்மா. நீ என்ன செய்வ," என்றார்.

மன்னித்துவிட்டார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் இப்போதும் பாத்ரூம் போக மகனைத்தான் கூப்பிடுகிறார். மகன் ஆபீஸில் இருந்தால் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார், என்னைக் கேட்கமாட்டார். அப்போதெல்லாம் நான் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். அவர் சுவரைப் பிடித்துப் பிடித்துப் போகும் சத்தமும், திரும்பி வந்து நாற்காலியில் உட்காரும் சத்தமும் கேட்கும்வரை ஒரு வரிகூடத் தட்டமாட்டேன்.