ஸ்லைடு காய்வதற்குள்

எண்பதுகளில் தருமபுரிப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்யும் வேலையில் இருந்தேன். நர்ஸ் இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும் எல்லோருக்கும் நான் ‘சிஸ்டர்’தான். சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

மாரண்டஹள்ளிப் பக்கத்துப் பெண் ஒருத்திக்குப் பிரசவமான மூன்றாம் நாள் குளிர்காய்ச்சல் கண்டது. ரத்தத்தில் கிருமி ஏறியிருக்குமோ என்று டாக்டருக்குச் சந்தேகம். வெள்ளணு எண்ணிக்கை கூடியிருந்தால் சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்கு, இல்லாவிட்டால் வீட்டுக்கு என்று சொல்லியிருந்தார். அதைக் கண்டுபிடிக்க எங்களிடம் இருந்தவை மூன்றே சோதனைகள். ரத்தம் குழாயில் படியும் வேகத்தைப் பார்க்கும் ஈ.எஸ்.ஆர். ஒரு மணி நேரம் பிடிக்கும். பிள்ளை பெற்றவளுக்கு அது எப்படியும் ஏறித்தான் இருக்கும், நம்பிப் பயனில்லை. எண்ணிக்கை சீக்கிரம் முடிந்துவிடும். ரத்தத்தை ஸ்லைடில் தேய்த்து, சாயம் போட்டு, காயவைத்துப் பார்க்கத்தான் பொறுமை வேண்டும்.

எண்ணிக்கை நாலாயிரத்து ஐந்நூறு, சாதாரண ஆளுக்கு இருக்கும் அளவுதான். ஜன்னலருகே அவள் புருஷன் நின்றிருந்தான்.

“எப்படிங்க சிஸ்டர் இருக்குது?”

“நார்மல்தாங்க. பயப்படாதீங்க.”

எண்ணிக்கை எழுதிய சீட்டை வாங்கிக்கொண்டு டாக்டரிடம் போனான். எனக்கும் ஒரு நல்லது சொன்ன பெருமை. மடச்சி! பிரசவித்த உடம்பில் வெள்ளணு கூடத்தானே வேண்டும்? இவ்வளவு குறைவாக இருக்கிறதே என்று அப்போதே பொறி தட்டியிருக்க வேண்டாமா?

ஸ்லைடு காய்ந்ததும் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். பார்த்த இடமெல்லாம் முதிராத வெள்ளணுக்கள், உள்ளே கடும் தொற்றைக் காட்டும் கறுப்புப் பொடிகள். முதிர்ந்தவை கிருமியோடு போராடித் தீர்ந்துபோய், உடம்பு பிஞ்சுகளை அனுப்பிக்கொண்டிருந்தது. அதனால்தான் எண்ணிக்கை ஒன்றும் தெரியாததுபோல் இருந்திருக்கிறது.

வார்டுக்கு ஓடினேன். கட்டில் காலி. பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன், பஸ் போய்விட்டிருந்தது. திரும்பி வந்து டாக்டரிடம் சொல்லி ஆள் அனுப்ப வைத்தேன். அந்த ஆள் ஊரை விசாரித்துப் போய்ச் சேர மறுநாளாகிவிட்டது. அதற்குள் அவளுக்கு நினைவு தப்பியிருந்தது. சேலம் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

ஒரு மாதம் கழித்து, குழந்தைக்கு ஊசி போட வந்த அவள் புருஷன் என் ஜன்னலுக்கு வந்தான். திட்டப்போகிறான் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

“நீங்க சொன்னதுல அவளுக்குத் தெம்பு வந்துடுச்சுங்க. வூடு போற வரைக்கும் புள்ளைக்கு என்ன பேரு வெக்கறதுன்னே பேசிட்டு வந்தா. அப்புறம் ஆள் அனுப்பச் சொன்னதும் நீங்கதானாமே. உங்களுக்குப் புண்ணியமாப் போவட்டும் சிஸ்டர்.”

கும்பிட்டான். தப்பு என்னுடையது என்று சொல்லாமலே அந்தக் கும்பிடை வாங்கிக்கொண்டேன்.