கால் கழுவாத பறவை

கரண்டி அக்காவுக்கு அந்தப் பட்டப்பெயர் சும்மா வந்ததா? ஒன்பது வருஷத்துக்கு முன்னால், வலசைப் பறவைகள் வந்திறங்கும் இலையுதிர் காலத்தில், கடலோரச் சரணாலயத்துச் சேற்றில் கரண்டிமூக்கு உள்ளான் ஒன்றைப் பார்த்தாள். லேசில் கண்ணில் படாத பறவை. கணக்கெடுப்புப் படிவத்தில் எழுதிக் கொடுத்தாள். மேலதிகாரி அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்து, ஓரத்தில் 'பார்வைக் குறைபாடு' என்று எழுதி, படிவத்தை அவள் மேஜையிலேயே விட்டெறிந்தார்.

"சமையல் கரண்டி ஞாபகத்துலயே வேலைக்கு வந்தியாம்மா?" என்று வேறு கேட்டார். ஆபீஸே சிரித்தது.

மூன்றாம் நாள் அதே பறவை அவர் பெயரில் பதிவானது. பத்திரிகையில் பல்லைக் காட்டிக்கொண்டு போட்டோ வேறு! அட, திருட்டுக்கும் ஒரு அளவு வேண்டாமா? கருங்காலி, கருங்காலி என்று மனசுக்குள்ளேயே கருவினாள். "விட்டுத் தள்ளு" என்றார் புருஷன். எதை விடுவது? படிவத்தை மடித்து பைனாகுலர் உறைக்குள் வைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து அது அங்கேயேதான் இருக்கிறது.

இந்த வருஷத்தோடு மேலதிகாரிக்கு ஓய்வு. கடைசிக் கணக்கெடுப்பைப் பார்க்க இயக்குநரம்மாவே வந்திருந்தார். போவதற்குள் இன்னொரு அபூர்வப் பறவை தன் பெயரில் ஏறிவிட வேண்டும் என்று மனுஷனுக்கு ஒரே பரபரப்பு. மறைவுக் குடிலில் தொலைநோக்கியை ஆக்கிரமித்திருந்தவர் திடீரென்று கத்தினார்.

"கருங்காலி! கருங்கால் உள்ளான்! இந்தக் கரையில இதுவரைக்கும் யாருமே பார்த்ததில்ல!"

தன்னையே கூப்பிட்டுக்கொள்கிறாரே என்று அக்காவுக்குச் சிரிப்பு முட்டியது. பைனாகுலரில் பார்த்தாள். சாதாரணப் பவளக்காலி. சிவப்புக் காலில் முட்டிவரை கறுப்புச் சேறு, அவ்வளவுதான்.

கணக்கெடுப்பவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. சேற்றில் நிற்கும் பறவைக்கு ஒருவர் பெயர் சொன்னால், பக்கத்தில் இருப்பவர் "கால் கழுவிடுச்சா?" என்று கேட்க வேண்டும். அது தண்ணீரில் இறங்கி ஏறும்வரை யாரும் பேனாவைத் திறப்பதில்லை. அன்றைக்குப் பக்கத்தில் இருந்தது அக்கா.

"உனக்கும் கறுப்பாத்தானே தெரியுது?" என்றார் மேலதிகாரி.

"உங்க கண்ணுக்கு எப்படித் தெரியுதோ, அப்படியே எழுதுங்க சார்."

பேனா மூடியைக் கழற்றியே நீட்டினாள். அவர் பெரிய எழுத்தில் எழுதி, கையெழுத்தும் போட்டார்.

இயக்குநரம்மா ஆசையாகக் குனிந்து தொலைநோக்கியில் பார்த்தார். பறவை ஆற அமர ஓடையில் இறங்கியது, நடந்தது, அக்கரையில் ஏறியது.

"என்ன சார், கால் செக்கச்செவேல்னு இருக்கு?" என்றார் நிமிர்ந்து. "இதைப் போய் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கீங்க?"

குடிலில் இருந்தவர்கள் சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டார்கள். மேலதிகாரி முகத்தில் ஈயாடவில்லை. அக்கா பக்கம் வந்து பல்லைக் கடித்தார்.

"உனக்குத் தெரியும்ல? ஏம்மா சொல்லல?"

அக்கா உறைக்குள்ளிருந்து படிவத்தை எடுத்து, பிரித்து, அவருடைய கையெழுத்துக்குப் பக்கத்திலேயே வைத்தாள்.

"எனக்குத்தான் பார்வைக் குறைபாடாச்சே சார்!"