பூஜையில் வைக்காத மதர்போர்டு புத்தகம்

வெள்ளி நிறப் பிளாஸ்டிக் உறையைப் பிரித்து மதர்போர்டை வெளியே எடுக்கும்போது ஒரு வாசனை வரும். புதுக் குடையை முதன்முதலாக விரிக்கும்போது வருகிற வாசனைக்கும் ஈயம் பற்றவைக்கிற வாசனைக்கும் நடுவில் எங்கோ இருக்கும் அது. திருவனந்தபுரத்தில், சாலை என்கிற கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்த எங்கள் வீட்டில் அந்த வாசனை முதன்முதலாக வந்தபோது நான் ஏழாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். அப்பாவும் அம்மாவும் அண்ணனும் நானும் சுற்றி நின்று, பச்சைத் தகட்டில் ஊர் வரைபடம் போல ஓடிய கோடுகளை வாயைப் பிளந்துகொண்டு பார்த்தோம்.

அப்பாவுக்குச் சாலையில் ஹார்டுவேர் கடை. கம்ப்யூட்டர் ஹார்டுவேர் அல்ல. ஆணி, கீல், தாழ்ப்பாள், போல்ட்டு, நட்டு விற்கிற அசல் ஹார்டுவேர். நாகர்கோவிலிலிருந்து வந்து கடை போட்ட தாத்தாவின் வழியில் அவருக்கு ஒரு சித்தாந்தம் உண்டு: "திருகு ஏறிச்சுன்னா சாமான் சரியாக்கும்." போல்ட்டு நட்டில் ஏறினால் வாங்கிக்கொள்ளலாம், ஏறாவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம், அதற்கு மேல் உலகத்தில் ஆராய எதுவும் இல்லை என்பது அவருடைய தீர்மானம். தாழ்ப்பாளுக்கு அது சரிதான். மதர்போர்டுக்குச் சரியில்லை என்பதைத் தெரிந்துகொள்ள எங்கள் வீடு கொடுத்த விலையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கம்ப்யூட்டர் அம்மாவுக்காக வந்தது. சாலைக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் தமிழ் டீச்சராக இருந்த அம்மா, வேலைக்கு நடுவே பிஎச்டி செய்துகொண்டிருந்தாள். போனக்காடு தேயிலைத் தோட்டத்தில் பரம்பரையாக வேலை செய்த தமிழ்ப் பெண்களின் தாலாட்டுகள்தான் அவள் ஆராய்ச்சி. சனிக்கிழமை தோறும் பஸ் பிடித்து மலையேறி, லயம் என்கிற வரிசை வீடுகளில் உட்கார்ந்து, நாற்பத்தேழு பாட்டுகளை நோட்டுகளில் எழுதி வந்திருந்தாள். தட்டச்சு செய்யக் கொடுத்தால் பிழை மலிந்து வருகிறது என்று, இரண்டு விரலால் தானே அடித்துப் பழகினாள். அடித்து முடித்த நோட்டுகளைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிட்டாள், "கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சே, இனி இது என்னத்துக்கு?" என்று.

இரண்டு வருடத்தில் அம்மாவின் ஆய்வேடு முந்நூறு பக்கத்தைத் தாண்டியது. இயந்திரம் திணறத் தொடங்கியது. ஒரு பக்கம் புரட்டச் சொன்னால் மணல் கடிகாரம் காட்டும், அம்மா அந்த இடைவெளியில் புளி கரைத்துவிட்டு வருவாள். ஏற்கெனவே இரண்டு முறை நீட்டிப்பு வாங்கியாகிவிட்டது. இனி நீட்டிப்பு கிடையாது, அந்த வருடம் விஜயதசமிக்கு மறுநாள் மாலைக்குள் ஆய்வேடு பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேராவிட்டால் பதிவே ரத்து என்று கடிதம் வந்திருந்தது. அம்மா அந்தக் கடிதத்தைச் சாமி அலமாரியில் வைத்திருந்தாள், சாமிக்கும் தெரிந்திருக்கட்டும் என்று.

கம்ப்யூட்டரைக் கோத்துக் கொடுத்த சசியண்ணன் வந்து பார்த்தார். பொறியியல் முதலாண்டு சேர்ந்திருந்த என் அண்ணன், உலகத்தையே தான் கோத்தது போன்ற முகத்தோடு பக்கத்தில் நின்றான். "டீச்சரே, மெமரி போரா. முப்பத்திரண்டு எம்பி வச்சு எந்து செய்யான்? ஒரு அறுபத்துநாலு கூட இட்டா பின்னெ பறக்கும்," என்று, மெமரி போதவில்லை என்பதை மலையாளத்தில் சொன்னார் சசியண்ணன். அண்ணன் தலையாட்டினான். பழைய 32 எம்பி துண்டுக்குப் பக்கத்தில் புதிய 64 எம்பி துண்டு 'டக்'கென்று போய் உட்கார்ந்தது. அப்பா குனிந்து பார்த்து, "ஏறியாச்சு பாத்தியா, சாமான் சரியாக்கும்," என்று தீர்ப்பு வழங்கினார்.

பறக்கவில்லை. முன்பு நடந்துகொண்டிருந்தது இப்போது தவழ்ந்தது. மூன்று மடங்கு நினைவகத்தைப் போட்ட பிறகு எப்படி மெதுவாகும் என்று யாருக்கும் பிடிபடவில்லை. வைரஸ் என்றான் அண்ணன். அப்போதெல்லாம் புரியாத எதற்கும் அதுதான் பெயர். இதற்குள் துர்காஷ்டமி வந்துவிட்டது.

எங்கள் ஊரில் அஷ்டமி சாயங்காலம் 'பூஜைவைப்பு'. வீட்டிலுள்ள புத்தகம், நோட்டு, பேனா, தொழில் கருவி எல்லாவற்றையும் சரஸ்வதி முன்னால் அடுக்கிப் பட்டுத் துணியால் மூடிவிட்டால், தசமி காலையில் பூஜை எடுக்கிறவரை எழுதவும் கூடாது, படிக்கவும் கூடாது. மீறினால் படிப்பு வராது. மற்ற பிள்ளைகளுக்கு அது சொர்க்கம். எழுத்தைக் கண்டால் வாசித்துவிடுகிற வியாதி எனக்கு இருந்ததால் எனக்கு அது தண்டனை. அந்த வருடம் அம்மா கம்ப்யூட்டரையும் தூக்கி வைத்து, அதன் தலையில் சந்தனம் வைத்தாள். "இருக்கட்டும் மக்ளே, ரெண்டு நாள் அதும் ஓய்வெடுக்கட்டு," என்றாள். தசமி முழுநாளையும் பாட்டுகள் இருக்கிற பின்னிணைப்பைத் திருத்துவதற்கென்றே ஒதுக்கி வைத்திருந்தாள்.

நவமி மதியம். வீட்டில் வாசிக்க எதுவும் இல்லை. மிட்டாய்ப் பொட்டலம் சுற்றிய காகிதம்கூட இல்லை. கட்டிலுக்கடியில் மதர்போர்டு வந்த அட்டைப்பெட்டி கிடந்தது. திறந்தால் தெர்மோகோலுக்கு அடியில் ஒரு மெல்லிய கையேடு. அதைப் புத்தகம் என்று யாரும் எண்ணவில்லை, அதனால் பூஜையில் வைக்கவில்லை. நான் கட்டிலுக்கடியிலேயே படுத்துக்கொண்டு, ஒரு திருட்டு மாங்காய் தின்கிற சுகத்தோடு அதைப் படித்தேன்.

விநோதமான இங்கிலீஷ், பாதி புரியவில்லை. புரிந்தது இதுதான். பிராசசர் நேராக மெமரியோடு பேசுவதில்லை. நடுவில் சிப்செட் என்கிற தரகர் ஒருவர் இருக்கிறார், எல்லாம் அவர் வழியாகத்தான் போய்வர வேண்டும். எங்கள் போர்டில் இருந்தவர் பெயர் 430 டிஎக்ஸ். அடிக்கடி தேவைப்படுகிறதை வேகமான ஒரு சின்ன இடத்தில் எடுத்து வைத்துக்கொண்டு, கேட்டதும் கொடுப்பார் அவர். அந்த வசதி முதல் 64 எம்பிக்கு மட்டும்தான் என்று ஒரு வரி சொன்னது. அதற்கு மேலும் மெமரி மாட்டலாம், ஆனால் 64க்கு மேல் இருப்பதை அவர் கவனித்துக்கொள்ள மாட்டார். எங்களிடம் இருந்தது 96. விண்டோஸோ மேலே இருந்துதான் முதலில் இடம் பிடிக்கும் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அதாவது கம்ப்யூட்டரின் முக்கியமான வேலையெல்லாம், தரகர் திரும்பிப் பார்க்காத அந்த மூலையில் நடந்துகொண்டிருந்தது.

விண்டோஸ் விவரம் தெரியாவிட்டாலும், பழைய துண்டைக் கழற்றிவிட்டால் சரியாகும் என்று எனக்கு அன்றே பட்டது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் "எங்க படிச்ச?" என்று கேட்பார்கள். நவமியில் படித்தேன் என்று எப்படிச் சொல்வது? கால் பரீட்சைக் கணக்கில் ஏற்கெனவே விளிம்பில் நின்றவள் நான். சரஸ்வதியும் அம்மாவும் ஒரே பக்கம் சேர்ந்துகொண்டால் என் கதி என்ன என்று நிஜமாகவே பயந்தேன்.

தசமி காலையில் பூஜை எடுத்தார்கள். சசியண்ணன் வந்தார். வைரஸ் தேடினார்கள், விசிறி துடைத்தார்கள், ஒயரைக் கழற்றி மாட்டினார்கள். இருக்கிற மெமரியைக் குறைத்துப் பார்க்கலாம் என்று மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை; குறைத்தால் கூடும் என்று யார்தான் நினைப்பார்கள்? மத்தியானம் ஆயிற்று, நாலு மணி ஆயிற்று. வெளியே கொண்டுபோய் அடிக்கலாம் என்றால், தெரிந்த டிடிபி கடைகளெல்லாம் விடுமுறை, அம்மாவின் எழுத்துரு அவர்களிடம் இல்லை. அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஆய்ந்த கீரையையே மறுபடி ஆய்கிறாள் என்பதை நான் பார்த்தேன். அப்போதும் சொல்லவில்லை.

விளக்கேற்றுகிற நேரத்தில் அண்ணன், "ஃபார்மேட் பண்ணாம வேற வழி இல்லம்மா. ஃப்ளாப்பில காப்பி இருக்குல்லா?" என்றான். இரண்டு ஃப்ளாப்பிகளில், பாட்டுகள் இருந்த ஒன்று திறக்கவே இல்லை. அதன் பிறகுதான் எனக்குக் குரல் வந்தது. கையேட்டைக் கொண்டுவந்து காட்டி, "இப்பதான் பாத்தேன்," என்று ஒரு பொய்யும் சேர்த்துச் சொன்னேன். அண்ணன் சிரித்தான். சசியண்ணன் சிரிக்கவில்லை, அந்த வரியை இரண்டு முறை படித்துவிட்டு, பழைய 32 துண்டை உருவி எடுத்தார். இயந்திரம் ஓடியது. பக்கங்கள் விசிறி போல் புரண்டன.

ஆனால் மிச்சமிருந்தது ஒரு ராத்திரி. அதில் கடைசி அத்தியாயத்தை மட்டும்தான் திருத்த முடிந்தது. மறுநாள் காலையில் அச்சடித்து, பைண்டிங் செய்து, மூன்று மணிக்கு அம்மா ஆட்டோ பிடித்துப் போய்க் கொடுத்தாள். நாற்பத்தேழு பாட்டுகளும் அதில் இல்லை; திருத்தாமல் பிழையோடு சேர்க்க அம்மாவுக்கு மனம் வரவில்லை. பின்னிணைப்பு இல்லாவிட்டாலும் பட்டத்துக்குக் குறைவில்லை என்று வழிகாட்டிப் பேராசிரியர் சொல்லிவிட்டாராம். பட்டம் வந்தது. "எம்மவ சொல்லித்தான் தீஸிஸ் முடிஞ்சுது, கேட்டியா," என்று அம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். ஒவ்வொரு முறையும் எனக்கு உடம்பு கூசும்.

பாட்டுகளைச் சாவகாசமாகப் புத்தகமாகப் போடலாம் என்றிருந்தோம். சாவகாசம் வரவில்லை, புதுப் பிராசசர்கள்தான் வந்தன. கேசட் மாதிரிப் பக்கவாட்டில் சொருகுகிற ஒன்று வந்தது. அதற்குப் போர்டு மாற்ற வேண்டும். பிறகு மறுபடி சதுரமாக, 370 கால்களோடு வந்தது. அதே 370 துளையில் அடுத்த தலைமுறை அழகாகப் போய் உட்காரும், ஆனால் உயிர் வராது, ஏனென்றால் நடுவிலிருக்கிற சிப்செட்டுக்கு அதைத் தெரியாது. அப்பாவின் திருகுச் சித்தாந்தம் அத்தோடு செத்தது. 478 வந்தது, அதன் பிறகு கால்கள் பிராசசரை விட்டுப் போர்டுக்கே இடம் மாறின. ஒவ்வொரு முறையும் போர்டு, மெமரி, மின்சாரப் பெட்டி எல்லாம் மாறி, கடைசியில் பழையதில் மிஞ்சியது மவுஸை வைக்கிற அட்டை மட்டும்தான் என்று அப்பாவைக் கேலி செய்வோம். இதற்கிடையில் எப்போதோ அம்மாவின் ஹார்டு டிஸ்க், உள்ளே இருப்பதைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று கழற்றப்பட்டு, பழைய துணியில் சுற்றி அலமாரிக்குப் போனது.

இன்று நான் சென்னையில் இருக்கிறேன். இப்போதைய போர்டில் அந்தத் தரகர் இல்லை. அவருடைய வேலையைப் பிராசசரே உள்ளே எடுத்துக்கொண்டுவிட்டது. பழைய டிஸ்க்குகளின் அகல ஒயர் மாட்டுகிற இடமும் இல்லை, கையேடு என்று ஒன்று வருவதும் இல்லை. போன வருடம் ஊருக்குப் போனபோது ஒரு அடாப்டர் வாங்கிக்கொண்டு போய் அந்த டிஸ்க்கை இணைத்துப் பார்த்தேன். நாலு தடவை தட்டியது, நின்றுவிட்டது. தரவு மீட்கிறவர்களும் கையை விரித்துவிட்டார்கள்.

அன்றுதான் அம்மாவிடம் உள்ளதைச் சொன்னேன். நவமியன்றே படித்ததையும், பயந்துபோய் தசமி சாயங்காலம் வரை வாய் மூடி இருந்ததையும், பொய்யையும். அம்மா என் காதைப் பிடித்துத் திருகினாள்.

"அடப் பாவி மக்ளே, அன்னைக்கே சொல்லப்பிடாதா? நானும் பூஜைக்கு வைக்காம, அச்சடிச்ச ஒரு அத்தியாயத்த அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சு வச்சு, நீங்க மத்தியானம் உறங்குத நேரத்துல அடுக்களையில இருந்து திருத்துனேன். நீ பாத்திரக்கூடாதேன்னு பயந்துட்டு இருந்தேன்."

இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். சிரித்து முடித்ததும் அம்மா கேட்டாள்: "நான் அடிக்கும்போது பக்கத்துல இருந்து பாடிப் பாடிப் பாப்பியே, அதுல ஒரு பாட்டாவது ஓர்மை இருக்கா?"

எனக்கு ஒன்றுகூட நினைவில்லை.